காத்திருந்த தாதியர்

1854 ஆம் ஆண்டு நவம்பர் மாதத் தொடக்கத்தில், புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் 38 தாதியருடன் துருக்கியிலுள்ள ஸ்குற்றாரியை அடைந்தார். கிரிமியா யுத்தத்திற் காயமும் நோயும் உற்ற பிரித்தானியப் போர்வீரர், வைத்தியசாலையாக மாற்றப்பட்டிருந்த ஒரு பெரும் படைவீரர் விடுதியிலே கிடத்தப்பட்டிருந்தனர்.

இராணுவ வைத்தியர்கள் தாதியரை விரும்பி வரவேற்கவில்லை. பெண்கள் வந்தமை தம் அதிகாரத்தில் தலையிடுவதாகும் என்றே கருதினர். வைத்தியர் அழைத்தாலன்றி எந்தத் தாதியும் நோயாளரை அணுகலாகாது என்று நைற்றிங்கேலே கட்டளையிட்டார். ஆகவே, கூடங்களில் வீரர் வருந்திக் கிடக்க, தாதியர் சட்டைகளும் கட்டுத்துணிகளும் தைத்துக்கொண்டு காத்திருந்தனர். பணிசெய்யக் கடல் கடந்து வந்தவர்க்கு இதனினும் கொடிய சோதனை வேறென்ன?

அம்மையார் இரக்கமற்றவரா? அல்லர். வைத்தியரைப் பகைத்துக்கொண்டால் தாதியரின் முயற்சி முழுவதுமே குலைந்துவிடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். சில நாட்களுள் இங்கர்மன் போரிற் காயமுற்றோர் வந்து குவிந்தனர். வைத்தியர்கள் தாமே தாதியரை அழைத்தனர்.

ஆயினும் மரணம் குறையவில்லை. 1855 பெப்ரவரியில் சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 42 பேர் வரை மாண்டனர். மார்ச்சு மாதம் பிரித்தானிய அரசின் சுகாதாரக் குழு வந்து, கட்டடத்தின் கீழே அடைபட்டிருந்த கழிவுநீர்க் கால்வாய்களைத் துப்புரவாக்கிக் காற்றோட்டத்தையும் சீர்செய்தது. யூன் மாதத்தில் அத்தொகை நூற்றுக்கு 2 அளவாயிற்று.

உணவுக் குறைவும், நோயாளர் காலந்தாழ்த்தி வந்தமையுமே அத்தனை சாவுக்கும் காரணமென அம்மையார் எண்ணியிருந்தார். போர் முடிந்தபின், புள்ளிவிபர அறிஞர் வில்லியம் பார் என்பாருடன் கணக்குகளை ஆராய்ந்தபோதுதான் உண்மை புலனாயிற்று. தாம் இரவும் பகலும் உழைத்த அவ்விடத்தின் அசுத்தமே பலரைக் கொன்றிருந்தது. அந்த வேதனை அவரை விட்டு நீங்கவில்லை. எனினும் அவர் அதனை மறைத்தாரல்லர். 1857 இல் அமைந்த அரச ஆணைக்குழுவின் முன் எண்களாகவும், 1858 இல் விளக்கப் படங்களாகவும் அவ்வுண்மையை எடுத்துரைத்தார்.

செய்யத்தக்கது இன்னதென அறிந்தும், அமைப்பின் தடையாற் செய்ய இயலாது வருந்தும் நிலைக்கு 1984 இல் அன்ட்ரூ ஜேம்ற்றன் என்னும் அறிஞர் ‘அறத்துயர்’ எனப் பொருள்படும் பெயரிட்டார். பெயர் புதிது, துயர் பழையது. தாதியரின் பொறுமை மட்டும் அதனைத் தீர்ப்பதில்லை. ஸ்குற்றாரியில் அடைபட்ட கால்வாயைத் திறக்க வேண்டியிருந்தது. அதனைத் திறக்கும் அதிகாரமோ தாதியர் கையில் இருக்கவில்லை.