உதவி மரணச் சட்டம்: ஆஸ்திரேலிய அவைகளில் முப்பது ஆண்டு வழக்கு

தீராத நோயாளி மருத்துவரின் துணையோடு உயிரை முடித்துக்கொள்ள அனுமதித்து, உலகில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்த தனிச் சட்டம் ஆஸ்திரேலியாவின் வட ஆட்புலத்தில் பிறந்தது. அதன் முதலமைச்சர் மார்ஷல் பெரான் 1995 பிப்ரவரியில் இதைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். டார்வினில் கூடும் அந்தச் சட்டமன்றத்தில் உறுப்பினர்கள் 25 பேரே. கட்சிக் கொறடா உத்தரவு எதுவும் இல்லை. அவரவர் மனச்சாட்சிப்படி வாக்களித்தனர். மே 25 அதிகாலையில் 15க்கு 10 என்ற கணக்கில் மசோதா நிறைவேறியது. அமெரிக்காவின் ஒரிகன் மாநில மக்கள் 1994இலேயே இத்தகைய சட்டத்துக்கு வாக்களித்திருந்தும், நீதிமன்ற வழக்கால் அது 1997 வரை முடங்கிக் கிடந்தது.

சட்டம் அமலாகும் முன்பே திருத்தப்பட்டது. நோயாளியின் மருத்துவர், அந்நோயில் தேர்ந்த இன்னொரு மருத்துவர், மனநல மருத்துவர் என மூவர் ஒப்ப வேண்டும் என்று 1996இல் வரையறுத்தார்கள். முதல் வேண்டுகோளுக்கும் கையெழுத்துக்கும் இடையே ஏழு நாள், அதற்குப் பிறகு 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். 1996 ஜூலை 1 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதை எதிர்த்துத் தொடுத்த வழக்கை ஆட்புல உச்ச நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தள்ளுபடி செய்தது.

ஏட்டில் இருந்த உரிமை கைக்கு எட்டுவது எளிதாக இல்லை. வயிற்றுப் புற்றுநோய் கண்ட ஒரு டாக்ஸி ஓட்டுநர், நியூ சவுத் வேல்ஸின் புரோக்கன் ஹில் ஊரிலிருந்து சுமார் 3,000 கிலோமீட்டர் தானே வண்டி ஓட்டி டார்வின் சேர்ந்தார். கையெழுத்திடச் சிறப்பு மருத்துவர் எவரும் முன்வரவில்லை. வந்த வழியே திரும்பிப்போய், சொந்த ஊர் மருத்துவமனையில் இறந்தார். இச்சட்டத்தின் கீழ் உயிர்விட்டவர்கள் நால்வர் மட்டுமே.

எதிர்ப்பு பல திசைகளிலிருந்து வந்தது. மருத்துவர் சங்கமும் திருச்சபைகளும் கண்டித்தன. மருத்துவமனைக்குப் போனால் கொன்றுவிடுவார்கள் என்ற அச்சம் பூர்வகுடி மக்களிடையே பரவியது. ஆனால் சட்டத்தை வீழ்த்தியது ஆட்புலத்தின் அரசியலமைப்பு நிலை. மாநிலங்களின் இத்தகைய சட்டங்களை மத்திய நாடாளுமன்றத்தால் நேரடியாக நீக்க முடியாது. ஆட்புலங்களுக்கோ அரசியலமைப்பின் 122ஆம் பிரிவின்படி அதுவே சட்டம் இயற்றலாம். அந்த அதிகாரத்தைக் கொண்டு, இச்சட்டத்தை முடக்க மத்திய நாடாளுமன்ற உறுப்பினர் கெவின் ஆண்ட்ரூஸ் ஒரு தனிநபர் மசோதாவை முன்வைத்தார். செனட் குழுவுக்கு 12,000க்கும் மேற்பட்ட மனுக்கள் வந்து குவிந்தன. 1996 டிசம்பரில் கீழவை 88க்கு 35 எனவும், 1997 மார்ச்சில் செனட் 38க்கு 33 எனவும் மசோதாவை ஏற்றன. ஏறக்குறைய ஒன்பது மாதமே நடப்பிலிருந்த சட்டம் செயலற்றுப்போனது. தலைநகர் ஆட்புலமும் நார்ஃபோக் தீவும் இதுபோன்ற சட்டம் இயற்றும் உரிமையைச் சேர்த்தே இழந்தன.

அடுத்த இருபது ஆண்டுகளில் மாநில அவைகளுக்குப் பல மசோதாக்கள் வந்தன, தோற்றன. விக்டோரியா 2017இல் அந்தத் தடையைக் கடந்தது. சுகாதார அமைச்சர் ஜில் ஹென்னஸி கொண்டுவந்த மசோதாவைக் கீழவை 24 மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் விவாதித்து, 47க்கு 37 என நிறைவேற்றியது. மேலவையில் திருத்தம் செய்யாமல் போதிய வாக்கு தேறவில்லை. ஓராண்டுக்குள் இறக்கக்கூடியவர் விண்ணப்பிக்கலாம் என்றிருந்த விதி ஆறு மாதமாகக் குறைக்கப்பட்டது. நரம்புச் சிதைவு நோயாளிகளுக்கு மட்டும் ஓராண்டு நீடித்தது. விண்ணப்பிப்பவர் குறைந்தது பன்னிரண்டு மாதம் விக்டோரியாவில் வசித்திருக்க வேண்டும் என்பதும் உறுதியானது. நவம்பர் 22 அன்று மேலவை 22க்கு 18 என ஒப்புதல் தந்தது. திருத்தங்களைக் கீழவையும் ஏற்க, 2019 ஜூன் 19 முதல் சட்டம் அமலுக்கு வந்தது. மேற்கு ஆஸ்திரேலியா, தாஸ்மேனியா, தெற்கு ஆஸ்திரேலியா, குயின்ஸ்லாந்து ஆகியவை தொடர்ந்தன. நியூ சவுத் வேல்ஸ் 2022 மே மாதம் சட்டம் இயற்றியதோடு ஆறு மாநிலங்களும் ஒரே பக்கம் வந்தன.

அப்போதும் ஆட்புலங்களின் கை கட்டப்பட்டே இருந்தது. 2022இல் மத்திய நாடாளுமன்றத்தில் நடந்த விவாதத்தில் பலர் உதவி மரணத்தின் நன்மை தீமையைவிட, ஆட்புல மக்களின் சட்டமியற்றும் உரிமையைப் பற்றியே பேசினார்கள். கீழவை ஆகஸ்டில் 99க்கு 37 என வாக்களித்தது. டிசம்பரில் செனட்டும் ஏற்க, 1997ஆம் ஆண்டுத் தடை நீங்கியது. தலைநகர் ஆட்புலம் 2024இல் இயற்றிய சட்டம், நோயாளி இத்தனை மாதத்துக்குள் இறப்பார் என்ற கணிப்பைக் கேட்கவில்லை. அது 2025 நவம்பர் 3 அன்று நடைமுறைக்கு வந்தபோது, மாநிலங்களிலும் நிலப்பகுதி ஆட்புலங்கள் இரண்டிலும் அத்தகைய சட்டம் இல்லாத ஒரே இடமாக எஞ்சியது, முதலில் அதை இயற்றிய வட ஆட்புலமே.