பழுதான எஞ்சினுக்கு யார் பொறுப்பு?

பழுதான வண்டிக்கோ பாகத்துக்கோ இழப்பீடு கேட்கும் உரிமை இந்தியச் சட்டத்தில் 1872 முதலே எழுத்தில் இருக்கிறது. ஆனால் சாதாரண மனிதர் ஒருவர் அதைக் கேட்டு வாங்க வழி பிறந்தது 1986க்குப் பிறகுதான். அப்போதும் கதவு எல்லாருக்கும் திறக்கவில்லை. வண்டியை வீட்டுக்கு வாங்கினாரா, தொழிலுக்கு வாங்கினாரா என்ற கேள்வி வாசலிலேயே குறுக்கே நின்றது. திருப்பூர் வட்டாரத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எளிதல்ல. அவிநாசி சாலையில் உள்ள அனுப்பர்பாளையம், பனியன் ஊருக்குள் இருக்கும் பாத்திர ஊர். பித்தளை, செம்பு, எவர்சில்வர் பாத்திரங்கள் உருவாகும் இங்கே வீடும் பட்டறையும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்வது சகஜம். காலையில் குடங்களை ஏற்றிக்கொண்டு கடைக்குப் போகும் அதே வேன் மாலையில் குடும்பத்தைக் கோயிலுக்கு அழைத்துப் போகும்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், அதன் 73ஆம் பிரிவில், ஒப்பந்தத்தை மீறியவர் அதனால் இயல்பாக விளையும் நட்டத்தை ஈடுசெய்ய வேண்டும் என்றது. பொருள் விற்பனை பற்றிய விதிகளும் முதலில் அதே சட்டத்தில்தான் இருந்தன. 1930இல் அவற்றைப் பிரித்துத் தனியாகச் சரக்கு விற்பனைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. வாங்குபவரே பார்த்து வாங்க வேண்டும் என்ற பழைய ஆங்கிலேயக் கொள்கையே அதன் அடித்தளம். விதிவிலக்குகள் 16ஆம் பிரிவில் வந்தன. எதற்காக வாங்குகிறார் என்பதை விற்பவரிடம் சொல்லி, அவருடைய திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்தப் பயனுக்குத் தகுதியானதாக இருக்க வேண்டும். ஆனால் இதிலும் ஓர் ஓட்டை இருந்தது. குறிப்பிட்ட பொருளை அதன் வணிகப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினால் இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. கார் வாங்குகிறவர் பெயர் சொல்லாமல் எப்படி வாங்குவார்? எஞ்சியது, பொருள் விற்பனைத் தரத்தில் இருக்க வேண்டும் என்ற பொது நிபந்தனை ஒன்றுதான்.

அதையும் உரிமையியல் நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் பண வழக்குகளுக்கு நெடுங்காலம் நூற்றுக்கு ஏழரை ரூபாய் நீதிமன்றக் கட்டணம் இருந்தது. எஞ்சின் போன வண்டிக்காக அதைக் கட்டி, வழக்கறிஞர் வைத்து, ஆண்டுக்கணக்கில் வாய்தா வாங்க யார் துணிவார்? சந்தையும் வாங்குபவர் பக்கம் இல்லை. அம்பாசடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று சில பெயர்களே இருந்த காலம் அது. பணம் கட்டிவிட்டு வண்டிக்காகக் காத்திருந்தவர் அதன் தரத்தைப் பற்றிச் சண்டை போடும் நிலையில் இல்லை. கிடைத்ததே பெரிது என்று ஓட்டிக்கொண்டு போய்த் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டார்கள். அந்தக் காலத்து உற்பத்திக் கோளாறுகளைத் திருத்தியது பெரும்பாலும் அந்த மெக்கானிக்குகள்தான், வாங்கியவரின் செலவில்.

இதற்கிடையே வெளிநாட்டு நீதிமன்றங்களில் வேறொரு கேள்வி எழுந்திருந்தது. டீலரிடம் வாங்கியவர், தன்னோடு ஒப்பந்தமே செய்யாத தயாரிப்பாளரைக் கேட்க முடியுமா? இங்கிலாந்தில் 1842இல் முடியாது என்றார்கள். தபால் வண்டி முறிந்து காயமுற்ற ஓட்டுநருக்கு, வண்டியைக் கொடுத்துப் பராமரித்தவரோடு ஒப்பந்தம் இல்லை என்ற காரணம் சொல்லப்பட்டது. 1916இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி கார்டோசோ அந்தச் சுவரை உடைத்தார். ப்யூயிக் கார் ஒன்றின் மரச் சக்கரத்தில் ஆரக்கால்கள் நொறுங்கி ஓட்டியவர் தூக்கி எறியப்பட்டார். சக்கரம் இன்னொரு கம்பெனியின் சரக்கு, காரை விற்றது டீலர், ஆகவே நாங்கள் பொறுப்பல்ல என்றது ப்யூயிக். பழுது இருந்தால் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்த பொருளைச் செய்பவர், வெளியே வாங்கிய பாகத்தையும் சோதித்தே பொருத்த வேண்டும் என்றது தீர்ப்பு. இந்த வாதம் வாகனத் தொழிலுக்கே உரியது. பிஸ்டன் ஒருவர், பேரிங் ஒருவர், பம்பு ஒருவர் என்று பல கைகள் சேர்ந்தே வண்டி உருவாகிறது. பழுது வந்ததும் எல்லாருடைய விரலும் அடுத்தவரை நோக்கி நீளும்.

இந்தியாவில் திருப்பம் 1986 டிசம்பர் 24 அன்று வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். மாவட்டம், மாநிலம், தேசியம் என மூன்று அடுக்குகள். தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறைந்த வழக்குகள் மாவட்ட மன்றத்துக்கு. நீதிமன்றக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. பழுதை நீக்கு, வேறு பொருள் கொடு, பணத்தைத் திருப்பு, நட்டஈடு கொடு என்று உத்தரவிடும் அதிகாரம் மன்றத்துக்குக் கிடைத்தது. திருப்பூர் அப்போது கோவை மாவட்டத்தில் இருந்தது. 2009 பிப்ரவரியில் தனி மாவட்டமாகும் வரை இவ்வூர் மக்களின் மாவட்டத் தலைநகர் கோயம்புத்தூரே.

அந்தச் சட்டத்தில் ஒரு வரி, வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவர் நுகர்வோர் அல்ல என்றது. அந்த வரியின் எல்லையை வரையறுத்த வழக்கு கொங்கு நாட்டு எந்திரம் ஒன்றைப் பற்றியது என்பது இங்கே குறிப்பிடத் தக்கது. மகாராஷ்டிரத்தின் லட்சுமி இன்ஜினீயரிங் ஒர்க்ஸ் என்ற சிறுதொழில் நிறுவனம், படித்த வேலையற்ற இளைஞர்களுக்கான திட்டத்தின்கீழ் தொடங்கப்பட்டது. 1990இல் கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் கடைசல் எந்திரம் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தது. விலை 21 லட்சம் ரூபாய். எந்திரம் தாமதமாக வந்தது, வந்ததிலும் குறைகள் என்று புகார் போனது. மாநில ஆணையம் இழப்பீடு வழங்கச் சொன்னது. வணிக நோக்கம் என்று கூறித் தேசிய ஆணையம் அதை ரத்து செய்தது. 1995 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தேசிய ஆணையத்தின் முடிவை ஏற்றது. உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று சொல்லி, எந்திரம் வாங்கியவரின் முறையீட்டைத் தள்ளியது.

தோற்றவரைவிட அந்தத் தீர்ப்பால் பயன்பெற்றவர்கள் அதிகம். தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குபவர், தானே ஓட்டும் லாரியை வாங்குபவர், தானே இயக்கிப் பிழைக்கக் கடைசல் எந்திரம் வாங்குபவர் எல்லாரும் நுகர்வோரே என்று நீதிபதி ஜீவன் ரெட்டி எடுத்துக்காட்டுகளோடு எழுதினார். துணைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. சுயதொழிலால் வாழ்க்கைப்பாட்டை நடத்துபவரைக் காக்கும் விளக்கம் 1993 திருத்தத்திலேயே சட்டத்தில் சேர்ந்திருந்தது. அதற்கு உயிர் கொடுத்தது இந்தத் தீர்ப்பு.

அனுப்பர்பாளையத்தின் அளவுகோலில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். பட்டறைச் சரக்கை ஏற்ற ஒரு ‘குட்டி யானை’ வாங்கித் தானே ஓட்டுகிறவருக்கு அதன் எஞ்சின் ஆறு மாதத்தில் புகை கக்கினால் நுகர்வோர் ஆணையம் திறந்திருக்கிறது. அவரே நாலைந்து வண்டி வாங்கி டிரைவர் போட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். பத்துப் பேர் வேலை பார்க்கும் பட்டறையும் அப்படித்தான். கோடு ஓரளவு நியாயமானது, ஆனால் நன்றாகத் தொழில் செய்து வளர்ந்தவர் வளர்ந்ததாலேயே மலிவான வழியை இழக்கிறார். நிறுவனத்தின் பெயரில் கார் வாங்கும் பனியன் ஏற்றுமதியாளர்களுக்கு மட்டும் பின்னாளில் ஓரளவு தெளிவு வந்தது. இயக்குநரின் சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கிய கார், பில் கம்பெனி பெயரில் இருப்பதாலேயே வணிகப் பொருளாகிவிடாது என்ற நிலையை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் எடுத்தது.

கதவைத் தாண்டியவருக்கு அடுத்த தடை, நிரூபணம். ஆய்வகச் சோதனைக்கு அனுப்பச் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஆனால் அது மாதிரியை எடுத்து முத்திரையிட்டு அனுப்பும் முறை, எண்ணெய்க்கும் மருந்துக்கும் பொருந்துவது. ஓடும் எஞ்சினின் இரைச்சலை முத்திரையிட முடியாது. ஆகவே வல்லுநர் அறிக்கையே வழக்கைத் தீர்மானிக்கிறது. 2006இல் மாருதி கார் ஒன்றின் கிளட்ச் கோளாறு வழக்கில், உத்தரவாதம் சொல்வது பழுதான பாகத்தை மாற்றுவதைத்தான், முழுக் காரையும் அல்ல என்றது உச்ச நீதிமன்றம். 2010இல் ஃபியட் கார் வழக்கில் எஞ்சின் மாற்றியும் குறை தீரவில்லை என்று வாங்கியவர் சொன்னார். சுயேச்சையான தொழில்நுட்ப வல்லுநர் பார்த்து, உற்பத்தியிலேயே பழுது என்று கண்டால் விலையை வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. பாகத்தில் உள்ள பழுதுக்குப் பாகம், பிறவிப் பழுதுக்குப் பணம்.

ஒர்க்‌ஷாப்பில் எஞ்சினைப் பிரித்துப் போர் போட்டு, பிஸ்டன் ரிங் மாற்றிக் கட்டிய வேலை கெட்டுப் போவது வேறு வகை. அது சட்டத்தின் பார்வையில் சேவைக் குறைபாடு. நடைமுறையில் உதிரிப் பாகத்தை வண்டிக்காரரே கடையில் வாங்கித் தருவார். ரிங் உடைந்தால் சாமான் டூப்ளிகேட் என்பார் மெக்கானிக், மாட்டியது சரியில்லை என்பார் கடைக்காரர். வண்டியைத் திரும்பப் பிரிப்பதற்கு முன்பே படம் எடுத்து, உடைந்த பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வேறொரு தகுதியானவரிடம் எழுத்தில் கருத்து வாங்காதவரின் புகார் நிற்பது கடினம். கூலிக்கும் சாமானுக்கும் பில் கேட்காத பழக்கம் இங்கே பெரிய இடையூறு. அடுத்த முறை இலவசமாகக் கட்டித் தருகிறேன் என்ற வாய்ச்சொல்லோடு பெரும்பாலான தகராறுகள் பட்டறை வாசலிலேயே முடிகின்றன.

2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் புதிய நுகர்வோர் சட்டம், பழுதான பொருளால் உடலுக்கோ உடைமைக்கோ கேடு விளைந்தால் தயாரிப்பாளர், விற்பவர், பழுதுபார்ப்பவர் ஆகியோரின் பொறுப்பைத் தனி அத்தியாயமாகவே எழுதியது. 1916இல் கார்டோசோ சொன்னது இந்திய நுகர்வோர் சட்டத்தில் இப்படிப் பெயர் சொல்லி இடம்பெற ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 2022இல் ஹூண்டாய் க்ரெட்டா வழக்கில், விபத்தில் ஏர்பேக் விரியாததற்கு இழப்பீடும் மாற்று வாகனமும் தரச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்கிட நுகர்வோர் இயற்பியல் வல்லுநராக இருக்க வேண்டியதில்லை என்ற கருத்து அதில் முக்கியமானது. குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரம் 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் அரசுக்குக் கிடைத்து, 2021 ஏப்ரல் முதல் செயலில் இருக்கிறது.

புதிய சட்டத்தின் இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் வந்தது. பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ பிரச்சினை எழுந்த இடத்திலோதான் வழக்குப் போட முடிந்தது. இப்போது புகார்தாரர் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே போடலாம். பழுது தெரிந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். 2021 டிசம்பர் முதல் 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருள் பற்றிய வழக்குகள் மாவட்ட ஆணையத்துக்கு உரியவை. கொடுத்த விலை 5 லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணம் எதுவும் இல்லை. சென்னையில் வாங்கிய வண்டியின் எஞ்சினுக்காக அனுப்பர்பாளையத்துக்காரர் இனி போக வேண்டிய இடம் திருப்பூர்தான்.