ஜெட்ஃபயரின் தாகம்

1962இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் தன் 3.5 லிட்டர் அலுமினிய வி8 எஞ்சினில் டர்போசார்ஜரைப் பொருத்தி ‘ஜெட்ஃபயர்’ காரை வெளியிட்டது. எஞ்சினின் அழுத்த விகிதமோ 10.25:1 என்ற உயர்நிலையிலேயே நீடித்தது. அத்தகைய எஞ்சினுள் மேலும் காற்றைத் திணித்தால் எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்துப் பிஸ்டனைச் சிதைக்கும். அதைத் தணிக்க, நீரும் மெத்தனாலும் கலந்த திரவம் உட்செலுத்தப்பட்டது. 215 குதிரைத்திறன் கிட்டியது. ஆனால், உரிமையாளர் பலர் அத்திரவத்தை நிரப்பத் தவறினர். கலன் வறண்டதும் பாதுகாப்பு வால்வு டர்போவின் அழுத்தத்தைக் குறைத்தது. காரின் ஆற்றல் குன்றியது. 1963உடன் உற்பத்தி நின்றது.

அதே 1962இல் ஷெவர்லே, கோர்வேர் காரின் டர்போ எஞ்சினுக்கு 8:1 என்ற தாழ்ந்த விகிதத்தைத் தேர்ந்தது. அது 1966 வரை விற்பனையில் இருந்தது. ஒரு தொழில்நுட்பத் தீர்வின் ஆயுளை, அதைப் பயன்படுத்துவோரின் அன்றாடப் பழக்கமும் தீர்மானிக்கிறது.