ஒரு தீவின் இரு பள்ளிகள்

சிங்கப்பூர் சிறு தீவு. ஆயினும் அங்குக் குடியேறிய ஒவ்வொரு சமூகமும் தன் மக்களுக்கெனக் கல்விக்கூடம் கண்டது. அவற்றுள் இரு பள்ளிகளின் வரலாற்றை இணைத்து நோக்குவது நமக்குப் பயன் தரும்.

ஹொக்கியன் சீனர்கள் 1906-இல் தாவ் நான் பள்ளியைத் தொடங்கினர். ஆர்மீனியன் தெருவில் அதற்கென எழில்மிகு கட்டடம் 1912-இல் நிறைவெய்தியது. நெசவூராகிய கடையநல்லூரிலிருந்து கடல் கடந்து, தஞ்சோங் பகார் துறைமுகப் பகுதியில் வாழ்ந்த நம் மக்கள், சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கின் வாயிலாக 1946-இல் ஒரு தமிழ்ப் பள்ளியை நிறுவினர். போர் ஓய்ந்து ஓராண்டே ஆகியிருந்த காலம் அது. பள்ளிக்கு அவர்கள் சூட்டிய பெயர் உமறுப் புலவர்.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வைச் சீறாப்புராணமாகப் பாடிய புலவருக்குச் சீதக்காதி வள்ளலும் அபுல் காசிம் மரைக்காயரும் புரவலராயினர். அவர் பெயர் தாங்கிய பள்ளியைப் புரந்தோரோ பெரும்பாலும் உழைப்பாளிகளும் சிறுவணிகரும் ஆவர். தொடக்கப் பள்ளியாய் இருந்த அது 1960-இல் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. தீவு முழுவதிலும் தமிழ்வழி உயர்நிலைக் கல்விக்கு அது ஒன்றே இடமாயிற்று.

காலம் மாறியது. ஆங்கிலம் வேலைக்கு வழி என்று பெற்றோர் கருதினர். தமிழ்வழி வகுப்புகளில் மாணவர் தொகை அருகியது. 1982-இல் உமறுப் புலவர் பள்ளி மூடப்பட்டது. அதே ஆண்டில் தாவ் நான் பள்ளியும் பழைய கட்டடத்தை விட்டு மரீன் பரேடுக்குப் பெயர்ந்தது. ஆர்மீனியன் தெருக் கட்டடம் 1997-இல் ஆசிய நாகரிக அருங்காட்சியகமாகவும், 2008-இல் பெரனாக்கன் அருங்காட்சியகமாகவும் புத்துருப் பெற்றது. வகுப்பறைகள் காட்சிக்கூடங்களாயின.

நமது பள்ளிக்கு வாய்த்தது வேறு வகையான மறுவாழ்வு. அங்கே கட்டடம் நிலைத்தது. இங்கே பெயர் நிலைத்தது. கல்வியமைச்சின் தமிழ்மொழி நிலையம் உமறுப் புலவரின் பெயரை ஏற்றது. தம் பள்ளியில் தமிழ் கற்க வாய்ப்பில்லாத உயர்நிலை மாணவர்கள் அங்கு வந்து பயில்கின்றனர். முஸ்லிம் அல்லாத தமிழ்ச் சிறாரும் நம் புலவரின் பெயரைச் சொல்லியே தமிழ் கற்கின்றனர். உழைப்பாளிகளின் ஈகை நீடித்த தர்மமாய் நின்றமைக்கு இதனினும் சான்று வேண்டுமோ!

எனினும் மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் எழுகின்றது. அன்று கணிதமும் அறிவியலும் தமிழில் கற்பிக்கப்பட்டன. இன்று தமிழ் ஒரு பாடம் மட்டுமே. கடல் கடந்த நாட்டின் கதையென இதை ஒதுக்கிவிட இயலாது. ஆவடியிலும் பருத்திப்பட்டிலும் பூவிருந்தவல்லியிலும் வாழும் நம் இல்லங்களில், சீறாவின் ஒரு பாடலையேனும் பிழையின்றிப் படிக்கவல்ல பிள்ளைகள் எத்தனை பேர்? கட்டடத்தை அரசு காக்கலாம். பெயரை நிலையம் தாங்கலாம். மொழியைக் காப்பது வீட்டின் பொறுப்பே அன்றோ!