காப்புக்காடும் குடிமக்கள் குரலும்

மலேசியாவில் நிலமும் காடும் மாநில அரசுகளின் அதிகாரத்திற்கு உட்பட்டவை. ஒரு காட்டைக் காப்புக்காடென அரசிதழில் அறிவிப்பதும், பின்னர் அவ்வறிவிப்பை நீக்குவதும் மாநில அரசின் விருப்பம். அக்காட்டை நம்பி வாழ்வோரைக் கேட்டாக வேண்டும் என்னும் கட்டாயம் நெடுங்காலம் இருந்ததில்லை. 1977இல் எண்டாவ்-ரொம்பின் காட்டில் மரம் வெட்ட அனுமதி தரப்பட்டபோது எழுந்த எதிர்ப்பு, பத்திரிகைகளின் வழியாகவே ஆட்சியாளரை எட்டிற்று. சட்டத்தில் அதற்கென ஒரு வாயில் இல்லை.

அவ்வாயிலைச் சிலாங்கூர் திறந்தது. காப்புக்காட்டு நிலத்தை விடுவிக்குமுன் பொது விசாரணை நடத்த வேண்டும் என 2011இல் அம்மாநிலம் தன் வனச் சட்டத்தைத் திருத்தியது. அத்திருத்தத்தின் உரத்தைச் சோதித்தது கோல லங்காட் வடக்குக் காப்புக்காடு.

1927இல் 7,000 ஹெக்டருக்கு மேல் பரந்திருந்த அக்காடு, சிறுகச் சிறுகக் கரைந்து ஏறத்தாழ 957 ஹெக்டராகச் சுருங்கியிருந்தது. எஞ்சியதிலும் 931 ஹெக்டரைக் கலப்பு மேம்பாட்டுக்காக விடுவிக்கப்போவதாக 2020 பிப்ரவரியில் அறிவிப்பு வெளியாயிற்று. அது கரிமண் சதுப்புக்காடு. நீரை வடித்துவிட்டால் அம்மண்ணே எரிபொருளாகிவிடும். மூண்ட தீ மண்ணுக்கடியில் நாட்கணக்கில் புகையும். புகைமூட்டத்தில் மூச்சுத் திணறிய மக்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ! புக்கிட் சீடிங், பூசுட் பாரு முதலிய சிற்றூர்களில் வாழும் தெமுவான் பூர்வகுடியினருக்கோ அக்காடு பாட்டன் பூட்டன் காலத்து வாழ்விடம்.

45,000க்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் குவிந்தன. ஆயினும், சட்டம் கேட்கச் சொன்னதேயன்றிக் கேட்டபடி நடக்கச் சொல்லவில்லை. 2021 மே மாதத்திலேயே 536 ஹெக்டருக்கு மேற்பட்ட பகுதி விடுவிக்கப்பட்டுவிட்ட செய்தி ஆகஸ்டு மாத இறுதியில்தான் வெளிவந்தது. கருத்துரைத்தவர்கள் முடிவை மாதங்கள் கழித்து அறிய நேர்ந்ததே அந்நிகழ்ச்சியின் பெருங்குறை எனலாம். கண்டனம் வலுத்தது. செப்டம்பர் 8ஆம் நாள் மந்திரி புசார் அமிருடின் ஷாரி அம்முடிவைக் கைவிடுவதாக அறிவித்தார். காட்டைக் காத்தது விசாரணையா, அதன்பின் எழுந்த கொந்தளிப்பா என்று கேட்டால், பின்னதே என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

எனினும், விசாரணை வீண்போகவில்லை. மறுப்புகள் எழுத்தில் பதிவாகியிராவிடில், மக்கள் விரும்பவில்லை என்பதற்குச் சான்று காட்டியிருக்க இயலாது. 2022இல் நாடாளுமன்றம் தேசிய வனச் சட்டத்தைத் திருத்தி, பொது விசாரணையை அதில் இடம்பெறச் செய்தது. அத்திருத்தத்தை ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றமும் தனித்தனியே ஏற்றுக்கொண்டால்தான் அது அந்தந்த மாநிலத்தில் செல்லும்.