புது கோச் வந்திருக்காராம்... போய் ஆடலாமா?

கால்பந்து பார்க்கிறவங்க கிட்ட ஒரு பழைய பயம் உண்டு. தொடர்ந்து தோத்துக்கிட்டு இருக்கிற ஒரு டீம். அவங்க ஊருக்கு நம்ம டீம் ஆடப் போகுது. மூணு பாயின்ட் நிச்சயம்னு கணக்குப் போட்டு வெச்சிருப்போம். போறதுக்கு நாலு நாள் முன்னாடி அந்த டீம் கோச்சை வீட்டுக்கு அனுப்பிட்டு புது ஆளைக் கொண்டு வந்துடுவாங்க. உடனே நம்ம பக்கம் புலம்பல் ஆரம்பம்: "போச்சுடா, ஒரு வாரம் கழிச்சு மாத்தியிருக்கக் கூடாதா?"

இந்தப் பயத்துல நியாயம் இருக்கா? கொஞ்சம் பழைய கணக்கைப் புரட்டிப் பார்த்தேன். இந்தப் பதிவு அதைப் பத்தித்தான்.

முதல்ல பயத்துக்குச் சாதகமான சாட்சி. 2016இல் இங்கிலாந்து பிரீமியர் லீக்கை ஜெயிச்சு உலகத்தையே வாயைப் பிளக்க வெச்ச லெஸ்டர் சிட்டி ஞாபகம் இருக்கும். அடுத்த சீசன்லயே தரையில விழுந்தாங்க. 2017 பிறந்து ஆறு லீக் ஆட்டம் ஆகியும் ஒரு கோல் கூட இல்லை. பிப்ரவரி 23ஆம் தேதி ரனியேரியை நீக்கினாங்க. நாலே நாள்ல, 27ஆம் தேதி, லிவர்பூல் அவங்க ஊருக்கு வந்தது. உதவியாளரா இருந்த கிரெய்க் ஷேக்ஸ்பியர் பொறுப்புல இருந்தார். 3-1னு லெஸ்டர் ஜெயிச்சது. ஆறு ஆட்டமா கோலே போடாத அதே ஆட்கள், ஒரே ராத்திரியில மூணு கோல்!

இந்த மாதிரி கதைகள்தான் நம்ம மனசுல தங்கிடுது. அதே ஷேக்ஸ்பியரை அதே வருஷம் அக்டோபர்ல நீக்கினாங்க என்பது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இப்போ நம்ம வீட்டுக் கதைக்கு வருவோம். இதுல தடுமாறின டீமே நம்ம டீம்தான்.

சென்னையின் எஃப்சி, 2019-20

ஜான் கிரிகரி 2017-18இல் சென்னைக்கு ஐ.எஸ்.எல். கோப்பையை வாங்கிக் கொடுத்தவர். பெங்களூருவுக்கே போய், இறுதிப் போட்டியில பெங்களூருவை 3-2னு ஜெயிச்ச டீம் அது. அடுத்த சீசன் தலைகீழ். 18 ஆட்டத்துல 9 பாயின்ட், பத்து டீம்ல பத்தாவது இடம். அப்பவும் கிளப் அவரை வெச்சுக்கிட்டது. 2019-20 ஆரம்பமும் மோசம். முதல் நாலு ஆட்டத்துல ஒரு கோல் கூட இல்லை. ஆறு ஆட்டம் முடிஞ்சப்போ 1 வெற்றி, 2 டிரா, 3 தோல்வி. மொத்தம் 5 பாயின்ட். நவம்பர் கடைசியில கிரிகரி விலகினார். டிசம்பர் முதல் வாரத்துல ஸ்காட்லாந்துக்காரர் ஓவன் காயில் வந்தார். பர்ன்லி, போல்டன் டீமையெல்லாம் பிரீமியர் லீக்ல நடத்தினவர்.

அதுக்கப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். அந்த டீம் நாலாவது இடம் பிடிச்சு, அரையிறுதி தாண்டி, இறுதிப் போட்டி வரைக்கும் போச்சு. "காயில் வந்தார், எல்லாம் மாறிச்சு"ன்னு ஒரே வரியில சொல்லிடறோம். ஆனா கணக்கைப் பிரிச்சுப் பாருங்க.

கிரிகரியின் 6 ஆட்டம்: 5 பாயின்ட்.
காயிலின் முதல் 4 ஆட்டம்: 4 பாயின்ட்.
காயிலின் அடுத்த 8 ஆட்டம்: 20 பாயின்ட்.

அந்த நடு வரியைக் கவனிச்சீங்களா? காயில் வந்ததும் ஒன்னும் தலைகீழா மாறிடலை. ஜாம்ஷெட்பூர்ல 1-1. சென்னையில கேரளாவை 3-1. அப்புறம் கோவாகிட்ட 3-4, ஒடிசாகிட்ட 0-2னு வரிசையா ரெண்டு தோல்வி. 2020 ஜனவரி முதல் வாரத்துல பார்த்தா 10 ஆட்டத்துல 9 பாயின்ட். அன்னிக்கு யாராவது "இந்த டீம் ஃபைனல் ஆடும்"னு சொல்லியிருந்தா சிரிச்சிருப்போம்.

புது கோச்சைப் பார்த்து முதல் வாரத்துல பயப்படறோம். நிஜமா பயப்பட வேண்டிய நேரம் ஆறு வாரம் கழிச்சுத்தான் வந்தது. கொச்சியில 6-3, கொல்கத்தாவுல 3-1, மும்பையில 1-0. அடுத்தவங்க ஊருக்குப் போய் ஜெயிச்சுட்டு வந்தாங்க.

நீக்கப்பட்டவருக்கும் ஒரு நியாயம் உண்டு

இன்னொரு விஷயம், இதை யாரும் பேசறதே இல்லை. கிரிகரிக்குக் கிடைச்ச முதல் நாலு எதிரணி எது எதுன்னு பாருங்க. கோவா, மும்பை, ஏ.டி.கே., பெங்களூரு. சீசன் முடிஞ்சப்போ அவங்க இடம் முறையே 1, 5, 2, 3. முதல் நாலு வாரத்துலயே பெரிய தலைகளையெல்லாம் பார்த்தாச்சு.

காயில் 20 பாயின்ட் எடுத்த அந்த எட்டு ஆட்டத்துல அஞ்சு ஆட்டம் கடைசி நாலு இடம் பிடிச்ச டீம்களோட: ஹைதராபாத், ஜாம்ஷெட்பூர், கேரளா, நார்த் ஈஸ்ட் ரெண்டு தடவை.

அதுக்காக காயில் ஒன்னுமே செய்யலைன்னு அர்த்தம் இல்லை. பெரும்பாலும் அதே ஆட்களை வெச்சுத்தான் ஆடினார். பின்வரிசையில ஆடிக்கிட்டிருந்த நம்ம ஊர் எட்வின் வன்ஸ்பாலை நடுக்களத்துக்குக் கொண்டு வந்தார். முதல் நாலு ஆட்டத்துல கோலே இல்லாத டீம்ல இருந்த வால்ஸ்கிஸ், சீசன் முடியும்போது 15 கோலோட தங்கக் காலணி வாங்கினார். கடைசியில கோப்பையையே தூக்கின ஏ.டி.கே.யை அவங்க ஊர்லயே அடிச்சதும் அந்த எட்டு ஆட்டத்துக்குள்ளதான். நான் சொல்ல வர்றது இதுதான்: ஒரு மனுஷனோட வேலை போறதுக்கும் இன்னொருத்தர் ஹீரோ ஆகறதுக்கும் நடுவுல, ஆட்ட அட்டவணைன்னு ஒன்னு சத்தமில்லாம உட்கார்ந்திருக்கு.

டச்சு பொருளாதார ஆய்வாளர் பாஸ் தெர் வேல் இதை முறையாவே ஆராய்ஞ்சிருக்கார். 1986 முதல் 2004 வரை நெதர்லாந்து முதல் டிவிஷன் கணக்கை எடுத்தார். சரிவுல கோச்சை மாத்தின டீம்களை ஒரு பக்கமும், அதே மாதிரி சரிஞ்சும் மாத்தாத டீம்களை இன்னொரு பக்கமும் வெச்சு ஒப்பிட்டார். மாத்தினவங்க எழுந்தாங்க. மாத்தாதவங்களும் கிட்டத்தட்ட அதே அளவு எழுந்தாங்க! ரொம்பக் கீழ போன டீம் எப்படியும் கொஞ்சம் மேல வரும். அந்த நேரம் பார்த்து யார் நாற்காலியில உட்கார்ந்திருக்காரோ அவருக்கு மாலை.

நம்பலையா? மறுபடி சென்னையையே எடுங்க. 2015இல் 10 ஆட்டத்துல 10 பாயின்ட், கடைசி இடம். மாத்தரட்ஸியை மாத்தலை. கடைசி நாலு லீக் ஆட்டத்தையும் ஜெயிச்சு 22 பாயின்ட்டோட மூணாவது இடம். டிசம்பர் வெள்ளத்துல சென்னையில ஆட முடியாம, அரையிறுதியோட சொந்த ஊர் ஆட்டத்தைப் புனேயில ஆடினாங்க. அதையும் தாண்டி டிசம்பர் 20ஆம் தேதி கோவாவிலேயே கோவாவை 3-2னு ஜெயிச்சு முதல் கோப்பை. கோச்சை மாத்தாமலே நடந்த அதிசயம் இது. மாத்தியிருந்தா, அந்தப் புது ஆளுக்கு சிலையே வெச்சிருப்போம் :-)

எங்க ஊர் உதாரணம் ஒன்னு

கால்பந்துப் பதிவுல இது எதுக்குன்னு கேட்காதீங்க. நான் இருக்கிறது திருப்பருத்திக்குன்றம், ஜினகாஞ்சின்னு பழைய பேர். கைலாசநாதர் கோயில் சைக்கிள் மிதிச்சா போயிடற தூரம். அந்தக் கோயில் தூண் ஒன்னுல ஒரு கன்னடக் கல்வெட்டு இருக்கு. அதை வெட்டி வெச்சது சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன். அதாவது வெளியூர்ல இருந்து வந்து ஜெயிச்சுட்டுப் போன டீமோட கேப்டன்.

சுமார் 730ஐ ஒட்டி பல்லவர் நிலைமை ரொம்ப மோசம். இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசு இல்லாம இறந்தார். ஊர்ப் பெரியவங்க கூடி, வேற கிளையில இருந்து பன்னிரண்டு வயசுப் பையனைக் கூட்டிட்டு வந்து அரியணையில உட்கார வெச்சாங்க. அவர்தான் இரண்டாம் நந்திவர்மன், பல்லவமல்லன். உள்ளுக்குள்ள எதிர்ப்பு, தெற்கே பாண்டியர், வடக்கே சாளுக்கியர். விக்கிரமாதித்தன் படையோட வந்து காஞ்சியைப் பிடிச்சார். ஆனா கொள்ளையடிக்கலை. கைலாசநாதர் கோயில் செல்வத்தைப் பார்த்துட்டு கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததா அந்தக் கல்வெட்டு சொல்லுது. அவர் ராணி பட்டடக்கல்லுல கட்டின கோயில் கல்வெட்டு, காஞ்சியை மூணு முறை வென்றவர்னு அவரைப் புகழுது.

ஸ்கோர்போர்டை அன்னிக்கு மட்டும் பார்த்தா கதை முடிஞ்சது. நடந்தது என்ன? நந்திவர்மன் நகரத்தை மறுபடி பிடிச்சு அறுபது வருஷத்துக்கு மேல ஆண்டார். ஒரு முற்றுகையில சிக்கினப்போ தளபதி உதயசந்திரன் வந்து மீட்டார் (நல்ல அசிஸ்டென்ட் கோச் அமையறதும் ஒரு கொடுப்பினை). வைகுந்தப் பெருமாள் கோயிலைக் கட்டி, பல்லவர் வரலாற்றையும் தான் பட்டத்துக்கு வந்த கதையையும் சுவர் முழுக்கச் சிற்பமா செதுக்கி வெச்சார். ஆனா சாளுக்கியப் பேரரசு விக்கிரமாதித்தனுக்கு அடுத்து அவர் மகன் காலத்துலயே ராஷ்டிரகூடர் கையில முடிஞ்சு போச்சு.

முதல் ஆட்டத்தை ஜெயிச்சவன் காணாம போனான். தோத்தவன் நின்னு ஆடினான்.

கோவா ரெண்டு தடவை வந்தது

இதே பாடத்தைக் கோவா அறுபத்தஞ்சே நாள்ல கத்துக்கிட்டது. 2019 டிசம்பர் 26ஆம் தேதி சென்னைக்கு வந்து, புது கோச் காயிலோட டீமை 4-3னு ஜெயிச்சுட்டுப் போனாங்க. 2020 பிப்ரவரி 29ஆம் தேதி அரையிறுதிக்கு அதே மைதானத்துக்கு வந்தப்போ 4-1னு தோத்தாங்க. நடுவுல, ஜனவரி கடைசியில, நல்லா ஆடிக்கிட்டிருந்த கோவாவே தன் கோச் லோபேராவை நீக்கிட்டது. கிளிஃபோர்ட் மிராண்டா தற்காலிகப் பொறுப்புல இருந்து லீக்ல முதலிடத்தை வாங்கிக் கொடுத்தார். ஆனா அரையிறுதியில, தன் ஊர்ல 4-2னு ஜெயிச்சும், மொத்தக் கணக்குல 5-6னு வெளியேறினாங்க. (அதே மிராண்டாவை 2025இல் சென்னையே கோச்சா எடுத்தது தனிக் கதை.)

இறுதிப் போட்டி மார்ச் 14, கொரோனா பயத்தால பார்வையாளரே இல்லாத ஃபடோர்டா மைதானம். ஏ.டி.கே. 3-1னு ஜெயிச்சது.

இன்னொரு பக்கமும் இருக்கு. 2020 ஜனவரி 10ஆம் தேதி சென்னை ஹைதராபாத்துக்குப் போய் 3-1னு ஜெயிச்சது. மறுநாளே ஹைதராபாத் கோச் ஃபில் பிரவுனுக்கு வேலை போச்சு. அவர் 12 ஆட்டத்துல எடுத்தது 5 பாயின்ட். அவருக்கு அப்புறம் மீதி 6 ஆட்டத்துலயும் 5 பாயின்ட்தான். கடைசி இடம் மாறலை. ஆனா அடுத்த சீசனுக்கு வந்த மனோலோ மார்க்கேஸுக்கு நேரம் கொடுத்தாங்க. 2021-22 கோப்பை ஹைதராபாத்துக்கு.

அப்போ போகும்போது என்ன பார்க்கணும்?

அடுத்த தடவை நம்ம டீம் இப்படி ஒரு ஊருக்குப் போகும்போது, மேட்சுக்கு முன்னாடி நான் பார்க்கப் போறது இவ்வளவுதான்:

1. பழைய கோச் கடைசியா தோத்தது யார் யார்கிட்ட? எல்லாம் பெரிய டீம்னா, அந்த டீம் பாயின்ட் டேபிள் காட்டற அளவுக்கு மோசம் இல்லை. ஜாக்கிரதை.
2. புது ஆள் வந்து எத்தனை நாள்? நாலு நாள்னா அவர் மாத்தியிருக்கக் கூடியது மனநிலை மட்டும்தான். முதல் இருபது நிமிஷம் சத்தம் அதிகமா இருக்கும். அதைத் தாங்கினா பழைய ஓட்டைகள் அங்கேயேதான் இருக்கும்.
3. யாராவது ஒரு ஆட்டக்காரர் இடம் மாறி ஆடறாரா? அதுதான் கோச் நிஜமா வேலையை ஆரம்பிச்சதுக்கு அடையாளம்.
4. இதே டீமோட அடுத்த ஆட்டம் எப்போ? ரெண்டு மாசம் கழிச்சுன்னா, இன்னிக்கே மூணு பாயின்ட் எடுத்துக்கிட்டு வந்துடறது நல்லது. அன்னிக்குக் கிடைக்காது.

கேலரியில உட்கார்ந்து நாலே ஆட்டத்துல "இவனை மாத்து"ன்னு கத்தறதும் நாமதான். புது ஆள் வந்ததும் ஒரே ஆட்டத்துல தலையில தூக்கி வெச்சு ஆடறதும் நாமதான். கத்தறதுக்கு முன்னாடி எதிர்ல ஆடினது யாருன்னு ஒரு தடவை பார்த்துட்டுக் கத்துவோமே.

டிஸ்கி: பல்லவர் காலத்து ஆண்டுகள் எல்லாம் சுமார்தான். அப்போ ஃபிக்ஸ்சர் லிஸ்ட் போடற வழக்கம் இல்லை :-)