மாத்திரையும் மறதியும்

விடியுமுன் எழுந்து உலை வைத்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் பெரட்டுக்கு ஓடிய தாய்மார்களை நாம் அறிவோம். அவர்களிடம், "கர்ப்பத்தடை மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்தில் விழுங்குங்கள்" என்று சொல்வது சுலபம். கடைப்பிடிப்பது சுலபமா? மாத்திரை பிறந்த நாள் முதல் இந்தத் தொல்லை உண்டு.

1956ஆம் ஆண்டில் போர்ட்டோ ரிக்கோ தீவின் ஏழைப் பெண்களிடம் இம்மாத்திரை பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. நடத்தியவர்கள் கிரிகோரி பிங்கஸ், ஜான் ராக் என்னும் அமெரிக்கர்கள். தாங்கள் சோதனைக்கு ஆளாகிறோம் என்பது அப்பெண்களுக்குச் சரிவரச் சொல்லப்படவில்லை. இதை மறைக்கக் கூடாது. 1960இல் அமெரிக்க அரசு கர்ப்பத்தடைக்கென ஒப்புதல் தந்தது. அப்போது மாத்திரைகள் சாதாரணப் புட்டியில் வந்தன. நேற்று விழுங்கினோமா இல்லையா என்று பார்த்தறிய வழியில்லை.

இல்லினாய் மாநிலத்தில் டேவிட் வாக்னர் என்றொரு பொறியாளர். நான்கு பிள்ளைகளுக்குத் தகப்பன். "மாத்திரை எடுத்தாயா?" என்று அவர் கேட்கக் கேட்க, மனைவிக்குக் கோபம் வந்தது. வராதா பின்னே! கிழமைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு மாத்திரையை வைத்தார். ஒருநாள் ஏதோ பொருள் விழுந்து எல்லாம் தரையில் சிதறிற்று. அதன்பின் 1962இல் கிழமை காட்டும் வட்டப் பெட்டி ஒன்றைச் செய்தார். 1964இல் காப்புரிமை கிடைத்தது. இன்று நாம் காணும் கிழமை அச்சிட்ட அட்டைக்கு அதுவே முன்னோடி.

நம் நாட்டில் 1966இல் தேசியக் குடும்பத் திட்ட வாரியம் அமைந்தது. மாத்திரை தோட்டங்களுக்கும் வந்தது. ஆனால் "பிந்திவிட்டது என்றால் மிஸ்ஸி ஏசுவார்" என்று வாய் திறவாமல் இருந்த பெண்கள் எத்தனையோ பேர்.

ஏச்சுக்கு இதில் இடமே இல்லை. இரண்டு சுரப்பு மருந்துகள் கலந்த சாதாரண மாத்திரை கருமுட்டை வெளிப்படுவதைத் தடுக்கிறது. ஒரு நாள் பிந்தினாலும் நினைவு வந்தவுடன் விழுங்கி, அடுத்ததை வழக்கமான நேரத்தில் எடுத்தால் போதும். இரண்டு நாளோ அதற்கு மேலோ விடுபட்டால், தொடர்ந்து ஏழு நாள் மாத்திரை எடுக்கும் வரை ஆணுறையும் வேண்டும். பால் கொடுக்கும் தாய்மாருக்குத் தரப்படும் ஒற்றை மருந்து மாத்திரை வேறு விதம். அதில் பழைய வகை முக்கியமாகக் கருப்பை வாயின் சளியைக் கெட்டியாக்கிக் காக்கிறது. ஒரு நாளிலேயே அது இளகிவிடும். ஆகவே மூன்று மணி நேரத்துக்கு மேல் பிந்தலாகாது. புதிய வகை ஒன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை தவணை உண்டு. அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டினால், எது எந்த வகை என்று மிஸ்ஸி பார்த்துச் சொல்லிவிடுவார்.